கோப்பி முகர்ந்த கைப்பெட்டி

1

1937 அக்டோபர் 13, புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். மதுரையில் என் கணவரின் தமையனார் வீட்டுக் கூடத்தில், சரசுவதி பூசைக்காக அடுக்கப்பட்ட புத்தகங்களின் நடுவே, எங்கள் நாய் ஒரு கைப்பெட்டியின் முன் உட்கார்ந்து வலது முன்காலைத் தூக்கியது. நேரம் என் ஊகம் அன்று. கூடத்துச் சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான், அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன்.

பினாங்கில் இதைப் படிக்கப்போகும் என் ஊராருக்கு ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அன்று தொடங்கியது முடிந்து ஓராண்டு ஆகிறது. நாள் போகப் போகக் கோபம் தணியும் என்று உங்களில் பலர் எனக்கு எழுதினீர்கள். தணியவில்லை. நான் தணிய விடவும் இல்லை. தினமும் ஒரு முறை அந்தக் கூடத்தை நினைத்துக்கொள்கிறேன். பாடம் மறந்துவிடாதிருக்க மாணவர்கள் செய்வதுபோல.

2

இப்போது நான் செல்லூரில் இருக்கிறேன். கைத்தறி நெசவுக் குடும்பம் ஒன்றின் வீட்டில், பின்கட்டில் இரண்டு அறைகள். விடியும்போதே தறிச் சத்தம் தொடங்கிவிடும். முதல் வாரம் முழுவதும் கோப்பி அதைப் பார்த்துக் குரைத்தான். இப்போது தறி நின்றால்தான் திடுக்கிட்டு எழுகிறான். காலையில் அவனுக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டு, ஜட்கா வண்டியில் கல்லூரிக்குப் போகிறேன். இலக்கிய வகுப்பு. பட்டத் தேர்வுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி.

பால் கலக்காத காப்பியின் நிறம் என்பதால் அவனுக்குக் கோப்பி என்று பெயர் வைத்தோம். நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. நகரசபையில் அவனுக்கு உரிம வில்லை வாங்கப் போனபோது குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நாய் யாரு பேர்லம்மா?”

“என் பேர்ல.”

“வீட்டுக்காரரு பேரச் சொல்லுங்க.”

“அவங்க பினாங்குல இருக்காங்க. நாய் இங்க இருக்கு.”

“அப்ப மாமனாரு பேரு?”

“இல்லை. காலமாயிட்டாங்க.”

“வீட்டுக்காரருக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையா? அவுக பேர்ல எழுதிருவோம்.”

“அவர் பேர்ல எழுதுறதுக்கு, நாய அவுத்து விட்டுரலாம்” என்றேன். குமாஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பெயரையே எழுதினார்.

சென்ற வாரம், அந்த அண்ணனின் மனைவி தங்கம் அக்கா என்னைத் தேடி வந்தார். ஓராண்டில் அவர் வருவது அதுவே முதல் முறை.

“என்ன பினாங்கு, எளச்சுப் போயிட்டியே! நாயி மட்டும் நல்லாத் தின்னுது போல.”

நான் பாய் விரித்தேன். அவர் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

“வர்ற பூசைக்கு நம்ம வீட்டுக்கு வந்துரு. அவரேதான் சொல்லி விட்டாரு. எம்புட்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப?”

“மன்னிப்புக் கேட்டாங்களா அக்கா?”

“பெரிய மனுசன் எப்படிக் கேப்பாரு? இந்தா, நாய்க்குன்னு இதக் குடுத்து விட்டாரு.”

புதிய தோல் கழுத்துப்பட்டை. நல்ல வேலைப்பாடு. கோப்பி அதை முகர்ந்து பார்த்தான். இரண்டு முறை தும்மினான். அதன் மேல் மூக்குப்பொடி படிந்திருந்தது. தங்கம் அக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பட்டையை அந்தக் காகிதத்திலேயே திரும்பச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.

“பினாங்குப் பத்திரிகை அவங்க கடைக்கும் வருதில்ல அக்கா? என் பதில் அதுல வரும். படிச்சுக்கச் சொல்லுங்க.”

ஆகவே இது உங்களுக்கு மட்டும் எழுதப்படுவதன்று.

3

கணவரின் தமையனாரை நான் பெரிய அத்தான் என்று அழைத்துவந்தேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை கருதி அன்று, வாசிப்பவர் குழம்பாதிருப்பதற்காக. சாயநூல் வியாபாரி. சைவ உணவு மட்டுமே சமைக்கும் வீடு. பெற்றோர் இறந்தபின் என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர். தம்பி பினாங்குத் துறைமுகத்தில் வேலைக்குப் போய், அங்கேயே பிறந்து வளர்ந்த என்னை மணந்ததை அவர் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. ‘அந்தப் புள்ள இங்க வந்து நம்ம வீட்டுப் பழக்கத்தக் கத்துக்கிறட்டும்’ என்று எழுதினார். எனக்கும் மதுரையில் படிக்க ஆசை. 1936இல் கப்பலேறினேன். கோப்பியும் உடன் வந்தான். நாகப்பட்டினத்தில் என் சான்றிதழைவிட அவன் சான்றிதழை அதிக நேரம் பார்த்தார்கள்.

மறு ஆண்டு பங்குனியில் கணவர் இரண்டு மாத விடுப்பில் வந்தார். எங்கள் திருமண வாழ்வில் மூவரும் சேர்ந்து விளையாடிய காலம் அதுதான்.

நம் பெலாச்சானை ஒரு தகர டப்பாவில் அடைத்து எடுத்து வந்திருந்தார். அந்த வீட்டுக்குள் இறால் விழுது நுழைந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கிணற்றுக்குப் பின்னால் கல்லடியில் ஒளித்து வைத்தார். ஒரு துளியைக் காகிதத்தில் மடித்து, நூல் கட்டுகளுக்கு இடையிலோ கூரை இடுக்கிலோ செருகுவார். பிறகு, கோப்பி குட்டியாக இருந்தபோது கற்ற மலாய்ச் சொல்லைச் சொல்வார்: “ச்சாரி!” தேடு என்று பொருள். கோப்பி தேடுவான். எட்டும் இடமென்றால் கவ்வி எடுத்து வருவான். எட்டாத இடமென்றால் அதன் முன் உட்கார்ந்து வலது காலைத் தூக்குவான். குரைக்க மாட்டான்.

“நாய்க்கு மந்திரமா சொல்றீக?” என்று தங்கம் அக்கா அடுக்களையிலிருந்து கேட்பார்.

கவ்வியதைக் கோப்பி ஒரு நாளும் என் கணவரிடம் கொடுத்ததில்லை. நேராக என் மடியில் கொண்டுவந்து போடுவான்.

“டேய், ஒளிச்சு வச்சது நானு. அவகிட்ட எதுக்குடா குடுக்குற? எம்புட்டுடா கைக்கூலி வாங்குன?”

“அவன் நீதி தவறாதவன்” என்பேன்.

“நீதியா? நேத்து ஒன் தட்டுல இருந்த அப்பளத்தத் தின்னானே, அதுவும் நீதியா?”

ஒரு நாள் கீழக்குயில்குடிக்குப் போனோம். மலைமேல் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. கோப்பி ஒன்றில் ஏறிப் படுத்தான். அடுத்ததில் என் கணவர் நீட்டி நிமிர்ந்து, கண்களை மூடி, கைகளைக் கூப்பிக்கொண்டார். “சகலத்தையும் துறந்தாச்சு. பெலாச்சானயும் துறந்தாச்சு” என்றார். கோப்பி எழுந்து அவர் மார்பை முகர்ந்தான். உட்கார்ந்து காலைத் தூக்கினான். சட்டைப்பையில் ஒரு மடிப்பு இருந்தது. நான் வாய்விட்டுச் சிரிப்பவள் அல்லள். அன்று சிரித்தேன், பாறையில் பட்டு அச்சிரிப்பு எனக்கே திரும்பக் கேட்டது.

புறப்படும்போது சொன்னார்: “இனிமே ஒவ்வொரு கடுதாசியிலயும் இவனுக்கும் பங்கு உண்டு.” அப்படியே செய்தார். மடித்த தாளின் மூலையில் கட்டைவிரலால் பெலாச்சான் தடவி அனுப்பினார். வந்த உறையை வேறு ஐந்து உறைகளோடு கொல்லையில் பரப்பி வைப்பேன். கோப்பி ஒரே மூச்சில் அதை எடுப்பான். ‘நேற்றுத் தேர்வு நடந்தது. நூற்றுக்கு நூறு’ என்று பதில் எழுதி, அவன் பாதத்தை நீல மையில் தோய்த்துக் கீழே பதிப்பேன். அவரிடமிருந்து, ‘கோப்பிக்கு: உன் கையெழுத்து உன் எசமானியின் கையெழுத்தைவிடத் தெளிவு’ என்று வரும்.

வைகாசியில் இப்படி இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை.

4

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. நான்கு மாதங்கள்.

நான் ஐந்து கடிதங்கள் எழுதினேன். அந்த வீட்டில் பெண்கள் தபாலாபீசுக்குப் போகும் வழக்கமில்லை. அஞ்சலில் சேர்க்கும்படி பெரிய அத்தானிடம் கொடுத்தேன். ஐந்துக்கும் பதில் வராதபோது ஆறாவதை எழுத என் தன்மானம் இடங்கொடுக்கவில்லை. என் பிழையையும் குறித்துவிட வேண்டும். அந்த மௌனம் பெரிய அத்தானுக்குத்தான் உதவியது.

சாப்பிட உட்காரும்போது பெரிய அத்தான் தாமாகவே பேச்செடுப்பார். “இன்னைக்கும் ஒண்ணும் வரலையேம்மா. வேல சாஸ்தியா இருக்கும். மனச விட்டுராத.” அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டால் யாரும் அவரைக் கும்பிடுவார்கள்.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் ஜட்காவை நிறுத்தித் தபாலாபீசில் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: “வீட்டுத் தபாலெல்லாம் கடையிலயே குடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காகம்மா. ஒங்க பேர்ல எத்தன வந்துச்சுன்னு பார்த்துச் சொல்லணும்னா விண்ணப்பம் வேணும். அதுல வீட்டுப் பெரியவுக கையெழுத்து வேணும்.”

விண்ணப்பத்தை எழுதினேன். வீட்டுப் பெரியவரிடமே கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் படித்தார், மடித்தார், பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் ஏற்றினார்.

“அப்ப நான் பொய் சொல்றேன்னு சந்தேகப்படுறியாம்மா?”

அவர் கண்களில் நீர் நின்றது. பொடியால் வந்த நீரா, வேறு நீரா என்று எனக்குப் புரியவில்லை. நான் பதறிப்போனேன். “மன்னிச்சிருங்க அத்தான்” என்றேன். கைகூப்பியும் சொன்னேன்.

அவர் எனக்குச் செய்த அனைத்தையும் என்றேனும் மறந்தாலும் மறப்பேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதை மறக்க மாட்டேன்.

இதே மாதங்களில் வீட்டில் வேறொரு தொல்லை. பெரிய அத்தானின் அறையில் எலி செத்த நாற்றம். தம்பி மனைவி அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்பதால் நான் அதை முகர்ந்ததில்லை. தங்கம் அக்கா புலம்பக் கேட்டதோடு சரி. கட்டிலை நகர்த்தினார், பரணை ஒழித்தார், மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினார், சாம்பிராணி போட்டார். எலி அகப்படவில்லை. “எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே” என்பார் பெரிய அத்தான். இருபது வருடமாகப் பொடி போடும் மூக்கு. அவர் சொன்னது உண்மையே. அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

பூசைக்கு மூன்று நாள் முன்பு, முற்றத்தில் நின்றபடி அவர் சொன்னார்.

“தம்பி தைக்கு வாரான். அவன் மனசு ஒங்கிட்ட ஒட்டலன்னு தெரியுது. நம்ம தங்கத்தோட தங்கச்சி சொர்ணம் இருக்கா. அவளையும் கட்டி வச்சிட்டா அவன் இங்கனயே தங்கிருவான். பூசைக்கு மறுநாள் காலையில ஒத்தக்கடையில இருந்து அவுக அப்பா, அம்மா பொண்ணக் கூட்டிக்கிட்டு வாராக, பேசி முடிச்சிருவோம். நீ ஒண்ணும் கலங்காத தாயி. படிக்கிற புள்ள. இங்கனயே இருந்து படி. ஒனக்கு ஒரு குறையும் வராது.”

“அவங்க சம்மதிச்சாங்களா?”

“நான் சொன்னா அவன் தட்ட மாட்டான்.”

அதுவும் உண்மைதான்.

5

எழுத்துள்ள காகிதத்தை அந்த வீட்டில் யாரும் கிழிக்கவோ எரிக்கவோ மாட்டார்கள். அது சரசுவதி. தெருவில் துண்டு விளம்பரத்தை மிதித்துவிட்டால்கூடப் பெரிய அத்தான் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தம்பியின் கடிதங்களை மறைக்க அவர் மனம் இடங்கொடுத்தது, கொளுத்த இடங்கொடுக்கவில்லை. இன்னொருவர் கடிதத்தைப் பிரிப்பதும் பாவம் என்று எண்ணியவர், பிரிக்கவும் இல்லை. தம் அறையில், தம் கைப்பெட்டியில், பூட்டி வைத்தார்.

சரசுவதி பூசையன்று அந்தக் கைப்பெட்டியும் கூடத்துக்கு வந்து புத்தகங்களோடு வைக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் வைப்பது, அந்த ஆண்டு வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பூசையில் வைக்கும் பெட்டி பூட்டியிருக்கக் கூடாது என்பதும் அவர் வீட்டு வழக்கம். கலைமகள் உள்ளே வர வேண்டும். ஆனால் அன்று யாரும் எதையும் தொட்டுப் படிக்கக் கூடாது. அந்தத் தடையை நம்பித்தான் பூட்டைத் திறந்து வைத்தார். மனிதர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு அவர் கடைப் பூசைக்குப் போயிருந்தார். தெருவில் கொட்டுச் சத்தம் வெடித்தது. கொல்லையில் கட்டியிருந்த கோப்பி மிரண்டு, கயிற்றை உருவிக்கொண்டு கூடத்துக்குள் ஓடி வந்தான். பிடிக்கப் போனேன். பொரியும் பழமும் இருந்த தட்டை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. என் கல்லூரிப் புத்தகங்களைத் தாண்டினான். பெட்டியின் முன் நின்றான். மூக்கை அதன் இடுக்கில் வைத்து நீளமாக இழுத்தான். பிறகு உட்கார்ந்தான், வலது காலைத் தூக்கினான், என்னைப் பார்த்தான்.

நான் மூடியைத் தூக்கினேன். பினாங்கு முழுவதும் என் முகத்தில் அடித்தது.

மேலே பழைய பஞ்சாங்கங்கள். அவற்றின் கீழே என் பெயருக்கு வந்த ஒன்பது உறைகள், ஒன்றும் பிரிக்கப்படாமல். அதற்கும் கீழே, சாயநூலால் கட்டி வைத்த என் ஐந்து கடிதங்கள்.

தங்கம் அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். “அடி ஆத்தே! நாயி பூசைக்குள்ள பூந்திருச்சே! ஏ பினாங்கு, பிடிடி அத!” அருகில் வந்ததும் முகத்தைச் சுளித்தார். “இதே நாத்தந்தான்! பெட்டிக்குள்ளயா கெடக்கு அந்த எலி? அம்புட்டுருச்சா?”

நான் மூடியை இறக்கினேன்.

“அகப்பட்டுருச்சு அக்கா. பூசைப் பெட்டி, இன்னைக்குக் கை வைக்க வேண்டாம். நாளைக்கு எல்லாரும் இருக்கும்போது எடுத்துக்காட்டுறேன்.”

“அவருக்கிட்டச் சொல்லிரவா?”

“வேண்டாம். பூசையும் அதுவுமா அவங்க மனசு சங்கடப்படும்.”

கோப்பியைக் கட்டினேன். தரையிலிருந்த அவன் கால் தடங்களை ஈரத்துணியால் துடைத்தேன். கடிகாரத்தில் நான்கு இருபத்தைந்து.

அன்றே பிரித்துப் படித்திருக்கலாம். தெய்வக் குற்றத்துக்கு அஞ்சி நான் நிற்கவில்லை. படித்தால் அழுதிருப்பேன்; அழுத முகத்தைப் பெரிய அத்தான் இரவுச் சாப்பாட்டின்போது பார்த்திருப்பார். ஒன்பது உறைகளுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. என் கணவர் என்னை வேண்டாம் என்றே எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் அதையும் பெரிய அத்தான் முன்னாலேயே படித்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். அன்று பெரிய அத்தானுக்கு நானே சுண்டல் பரிமாறினேன். “இன்னைக்குத்தாம்மா ஒன் முகத்துல தெளிவு தெரியுது” என்றார்.

6

மறுநாள் விசயதசமி. காலை ஏழு மணிக்கெல்லாம் ஒத்தக்கடையிலிருந்து தங்கம் அக்காவின் பெற்றோரும் சொர்ணமும் வந்துவிட்டார்கள். சொர்ணம் தலை குனிந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பதினாறு வயதிருக்கும். அவள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை.

பூசை கலைந்ததும், வைத்ததிலிருந்து ஒன்றை எடுத்து ஒவ்வொருவரும் உரக்கப் படிக்க வேண்டும். அதற்குப் பெரிய அத்தான் வகுத்த விதி ஒன்றுண்டு: படிப்பவர் முடித்து, மூடி, கும்பிடும் வரை யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது. முதல் ஆண்டு நான் படித்தபோது கொட்டாவி விட்ட ஒருவரை அவர் முறைத்தது நினைவிருக்கிறது. அவரே முதலில் பஞ்சாங்கத்திலிருந்து நான்கு வரி படித்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

“மாமா, நம்ம பினாங்குப் புள்ள படிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம். நீ படிம்மா.”

“எதைப் படிக்கட்டும் அத்தான்?”

“ஒனக்குப் பிடிச்சத எடு தாயி. பூசையில வச்சது அம்புட்டும் சரசுவதிதான்.”

நான் என் புத்தகங்களை விட்டு, கைப்பெட்டியைத் திறந்தேன். ஒன்பது உறைகளில் கடைசியாக வந்ததை எடுத்தேன். கொண்டை ஊசியால் அதன் விளிம்பைப் பிரித்தேன். கூடம் முழுவதும் அந்த வாடை பரவியது. விருந்தினர் மூக்கைப் பொத்தினார்கள். பெரிய அத்தான் மட்டும் பொத்தவில்லை. அவர் உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தேன்.

‘அண்ணன் எழுதிய கடிதம் கிடைத்தது. என் கடிதங்களை நீ பிரிக்காமலே அவரிடம் திருப்பிக் கொடுப்பதாகவும், என்னோடு வாழ விருப்பமில்லை என்று நீயே சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். என்னை வளர்த்தவர். அவரை நம்பித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் ஒன்று பொருந்தவில்லை. நீ பிரிக்க மறுத்தாலும் கோப்பி விட்டிருப்பானா? எட்டுக் கடிதங்களில் ஒன்றைக்கூட அவன் உன் மடியில் போடவில்லையா? அப்படியானால் அவை அவன் மூக்குக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. இது உன் கைக்கு வந்தால் ஒரு வரி எழுது. என்னை வேண்டாம் என்றால் அதையே எழுது. உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், தை மாதம் வந்து அண்ணன் சொல்கிறபடி செய்வேன். அந்த ஒரு வரியில் கோப்பியின் பாதமும் இருக்கட்டும். அப்போதுதான் அது உன் கடிதம் என்று நம்புவேன்.’

என் குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. அதற்குத்தான் முந்தைய நாள் முழுவதும் என்னைப் பழக்கியிருந்தேன்.

“என்ன மாப்ள இது?” என்றார் ஒத்தக்கடைக்காரர்.

“மூணு தடவ வீட்டக் கழுவுனேனே!” என்று தங்கம் அக்கா எழாமலே கத்தினார். “முதுகு ஒடியக் கழுவுனேனே, ஒரு வார்த்த சொன்னீகளா? இதுதானா ஒங்க எலி?”

பெரிய அத்தானின் கை பொடி டப்பாவுக்குப் போனது. டப்பா கைதவறிப் பாயில் கொட்டியது. இரு கைகளையும் தரையில் ஊன்றி எழப் பார்த்தார்.

“உட்காருங்க அத்தான்” என்றேன். “நான் இன்னும் மூடலை. பதிமூணு பாக்கி இருக்கு.”

அவர் உட்கார்ந்தார். நான் அடுத்த உறையைப் பிரித்தேன்.